பதினோராம் மாதத்தில் நடந்தவள் மைதானத்தில் ஏன் புல் பிடுங்குகிறாள்?

கேட்டிருப்பவர் ஒரு அப்பா. அவருடைய மகள் பதினோராம் மாதத்திலேயே நடந்துவிட்டாள். இரண்டு வயதுக்குள் பந்தை உதைத்தாள். பார்த்தவர்களெல்லாம் "இவ பெரிய விளையாட்டுக்காரியா வருவா" என்றார்களாம். இப்போது நாலரை வயது. கால்பந்து வகுப்பில் சேர்த்து இரண்டு மாதம் ஆகிறது. மற்ற பிள்ளைகள் பந்தைத் துரத்தும்போது இவள் கோட்டோரம் குந்தி உட்கார்ந்து புல் பிடுங்குகிறாள். "முன்னால் இருந்தவள் எப்போது பின்தங்கினாள், நாங்கள் எங்கே கோட்டை விட்டோம்?" என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: வீட்டுக்கு வந்த பிறகும் ஷின் கார்டை (கால்பந்து ஆடும்போது முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு) கழற்ற மாட்டேன் என்கிறாளாம், அதைக் கட்டிக்கொண்டே தூங்குகிறாளாம்.

நீங்கள் கேட்டது ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சீக்கிரம் நடந்ததற்கும் பின்னாளில் விளையாட்டில் கெட்டிக்காரியாக இருப்பதற்கும் தொடர்பு உண்டா என்பது ஒன்று. மற்றது, நீங்கள் வாய்விட்டுக் கேட்காதது: நான் அப்படிப் பெருமைப்பட்டது தப்பா? இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன், அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் நான் நிபுணர் இல்லை. ஒரு பையனை வளர்த்த அம்மா, அவ்வளவுதான். உங்கள் மகளை நான் நேரில் பார்க்கவுமில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடந்தது. சுமார் 12 மாதம் என்பது இதன் நடுப்புள்ளி. அதாவது உங்கள் மகள் நடுவிலிருந்து ஒரு மாதம் முன்னால், அவ்வளவுதான். அந்த ஆய்வில் 4 சதவீதக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. சிலது உட்கார்ந்தபடியே நகரும், சிலது வயிற்றால் ஊரும், சிலது நேராக எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு போய்விடும். "தவழாமலே நடந்துட்டான், ஏதாவது ஆயிடுமா?" என்று என் கிளினிக்கில் வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது ஒன்றும் ஆகாது.

ஒரு குழந்தை ஏன் சீக்கிரம் நடக்கிறது, இன்னொன்று ஏன் தாமதிக்கிறது? நான் படித்த காலத்தில் இதற்கு 'மூளை முதிர்ச்சி' என்று ஒரே சொல்லில் விடை எழுதிவிடுவோம். பிறந்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாதம் தரையில் படவிட்டால் அடியெடுத்து வைக்கும். இரண்டு மாதமானால் அது மறைந்துவிடும். மூளை அதை அடக்கிவிடுகிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். எஸ்தர் தெலன் என்ற ஆய்வாளர் 1980-களில் ஒரு எளிய வேலை செய்தார். அடியெடுத்து வைப்பதை நிறுத்தியிருந்த குழந்தைகளைத் தண்ணீரில் கால் மூழ்கும்படி பிடித்துப் பார்த்தார். கால்கள் திரும்ப நடந்தன. மூளை எதையும் அடக்கியிருக்கவில்லை. தொடை கொழுகொழுவென்று கனத்துப்போயிருந்தது, தசைக்கு அதைத் தூக்கும் வலு இன்னும் வந்திருக்கவில்லை. நடக்கும் வயதும் இப்படித்தான்: உடல்வாகு, எடை, தரையில் உருண்டு புரளக் கிடைத்த நேரம், குடும்ப வாகு எல்லாம் சேர்ந்த கலவை. திறமைக்கு முன்கூட்டி எழுதிய ஜாதகமாக அதைப் படிக்கக் கூடாது.

படித்தால் என்ன தப்பு என்று கேட்பீர்கள். சூரிச்சில் 200-க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளைப் பதினெட்டு வயது வரை பின்தொடர்ந்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. எப்போது உட்கார்ந்தார்கள், எப்போது நடந்தார்கள் என்பதற்கும், பள்ளி வயதில் அவர்களுடைய உடலியக்கத் திறனுக்கும் அறிவுத்திறனுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு தென்படவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. வட ஃபின்லாந்தில் 1966-ல் பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வில், சீக்கிரம் எழுந்து நின்றவர்கள் 14 வயதில் விளையாட்டுகளில் சற்றே கூடுதலாக ஈடுபட்டிருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிக் கழித்தால் மெல்லியதாக ஒரு சாய்வு இருக்கலாம், ஒரே ஒரு குழந்தையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் என் முடிவு. உங்கள் மகள் 'முன்னால்' இருக்கவில்லை. அதனால் 'பின்தங்க'வும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓட்டப்பந்தயம் எதுவும் நடக்கவில்லை.

சரி, அப்போது பதினோராம் மாதத்தில் நீங்கள் எதைப் பார்த்துப் பூரித்தீர்கள்? அந்த வீடியோ இன்னும் கைப்பேசியில் இருக்கும். ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். இரண்டு கையும் தோள் உயரத்துக்குத் தூக்கியிருக்கும், யாரோ துப்பாக்கியை நீட்டியதுபோல. கால்கள் அகன்றிருக்கும். பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் பொத்தென்று தரையில் பதியும். குதிகால் முதலில், விரல் பிறகு என்ற வரிசை இன்னும் வந்திருக்காது. வாரங்கள் போகப் போகக் கைகள் இறங்கும், கால்கள் நெருங்கி வரும், ஒன்றரை வயதை ஒட்டிக் கைவீச்சு தொடங்கும். பெரியவர்களைப் போன்ற நடை முழுதாக அமைய ஆறேழு வயதாகிவிடும். இடைப்பட்ட காலத்தில் நடக்கிற வேலைதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை விளையாடவிட்டு எண்ணினார்கள். 2012-ல் வெளியான அந்தக் கணக்குப்படி மணிக்குச் சராசரி 2368 அடிகள், 17 முறை விழுதல். விழுந்ததும் எழுந்து போய்க்கொண்டே இருக்கின்றன, பெரும்பாலும் அழக்கூட நேரமில்லை. மாதக் கணக்கை விட்டுவிட்டு இந்த விழுதலைச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்திருப்பேன்.

சீக்கிரம் செய்ய வைத்தால் முந்துவார்களா என்றும் ஒரு பழைய சோதனை உண்டு. 1929-ல் ஆர்னால்ட் கெசெல் தன் சகாவுடன் சேர்ந்து, உருவொத்த இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் 46-ஆவது வாரத்திலிருந்து 6 வாரம் படியேறப் பழக்கினார். மற்றதை அப்படியே விட்டுவிட்டு 53-ஆவது வாரத்தில் தொடங்கினார். இரண்டே வாரப் பயிற்சியில் அது முதல் குழந்தையை எட்டிப்பிடித்துவிட்டது. ஒரே ஒரு ஜோடியை வைத்துச் சட்டம் எழுத முடியாது, கெசெல் பயிற்சியின் பங்கை அளவுக்கு மீறிக் குறைத்து மதிப்பிட்டார் என்பதும் நியாயமான குறைதான். ஆனாலும் கிளினிக்கில் நான் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. குழந்தையை உள்ளே உட்காரவைத்து உருட்டிவிடும் வாக்கர் வண்டி நடையைச் சீக்கிரமாக்குவதில்லை. படியில் உருண்டு மண்டை உடைகிற ஆபத்துதான் மிச்சம். கனடா 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் "எல்லாம் தானா வந்துடும்" என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை பிரசவத் தேதி குறித்திருந்த நாளிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். ஒரு வயதுக்குள்ளேயே எப்போதும் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலோ, நடை பழகி மாதங்களான பிறகும் நுனிக்காலிலேயே நடந்தாலோ காட்டிவிடுங்கள். தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி ஊன்றித் தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழுந்தால் ஆற அமரக் காத்திருக்காதீர்கள். எந்த வயதிலும், முன்பு செய்துகொண்டிருந்ததைச் செய்ய முடியாமல் போனால் உடனே கிளம்புங்கள். உங்கள் மகளிடம் இதில் எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. புல் பிடுங்குவது இந்தப் பட்டியலில் இல்லை.

இனி மைதானத்துக்கு வருவோம். நாலரை வயதில் பெரிய பந்தைத் தூக்கிப்போட்டால் பெரும்பாலான குழந்தைகள் பிடித்துவிடுவார்கள். ஒற்றைக்காலில் தாவுவது பலருக்கு ஐந்தை ஒட்டித்தான் வரும். உருண்டு வரும் பந்தின் வேகத்தைக் கணித்து, தன் ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இரண்டும் சந்திக்கும் இடத்துக்குப் போய் நிற்பது இந்த வயதுக் கண்ணுக்கும் மூளைக்கும் பெரிய வேலை. அதோடு 'நம் பக்கம், எதிர்ப்பக்கம்', 'பந்தைக் கூட்டாளிக்குக் கொடு' என்பதெல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தனக்குக் கிடைத்த பந்தை ஏன் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது நாலரை வயதுக்கு நியாயமான சந்தேகம்! அதனால்தான் எல்லாரும் பந்தை ஈ மொய்ப்பதுபோல மொய்க்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி, ஒழுங்கான விதிகளோடு கூடிய குழு விளையாட்டுக்குப் பெரும்பாலான குழந்தைகள் ஆறு வயதளவில்தான் தயாராகிறார்கள் என்கிறது. என் அனுபவத்தில் பந்தைக் கடத்திக் கொடுப்பதன் ருசி தெரிய ஏழு எட்டு ஆகிவிடுகிறது.

இதோடு பயிற்சியின் அமைப்பையும் பார்க்க வேண்டும். ஒருமுறை தோழியின் மகனைப் பார்க்க இப்படியொரு வகுப்புக்குப் போனேன். பதினான்கு பிள்ளைகள், ஒரே பந்து. வேறு வேலையில்லாமல் அவன் காலில் பந்து எத்தனை முறை படுகிறது என்று எண்ணினேன். அரை மணி நேரத்தில் மூன்று. அதில் இரண்டு, பந்து தானாக வந்து அவன்மேல் மோதியது. மீதி நேரம் வரிசையில் நின்றான், முன்னால் நின்றவன் சட்டையை இழுத்தான், கூம்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான், திட்டு வாங்கினான். ஆகவே நீங்களும் அடுத்த முறை ஒரு கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். முப்பது நாற்பது நிமிடத்தில் பத்து முறைகூட மகளின் காலில் பந்து படவில்லை என்றால், புல் பிடுங்குவதுதான் அங்கே இருக்கிற வேலைகளில் சுவாரசியமானது. ஆளுக்கொரு பந்து, வரிசையில் நிற்பது குறைவு, ஓடிப் பிடிக்கிற விளையாட்டு நிறைய என்று இருக்கும் வகுப்பைத் தேடுங்கள்.

கூட இருக்கும் பிள்ளைகளின் பிறந்த மாதத்தையும் விசாரியுங்கள். 'நாலு வயதுப் பிரிவு' என்பதில் நேற்று நாலு முடிந்த குழந்தையும் அடுத்த மாதம் ஐந்தாகப் போகும் குழந்தையும் இருப்பார்கள். பதினொரு மாத வித்தியாசம், சின்னவளின் வாழ்நாளில் கிட்டத்தட்ட கால் பங்கு! வளர்ந்த பிறகும் இதன் தடம் அழிவதில்லை. கனடாவில் ஐஸ் ஹாக்கி இளையோர் அணிகளை 1985-ல் ஆராய்ந்தபோது, வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் தொடங்குவதால் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகமாகவும் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருந்தது தெரியவந்தது. முதலில் கொஞ்சம் உயரம், அதனால் கொஞ்சம் கவனிப்பு, அதனால் கொஞ்சம் கூடுதல் பயிற்சி என்று வட்டி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. சில நாடுகளும் சங்கங்களும் இதை உணர்ந்து நடந்துகொள்கின்றன. நார்வேயில் 11 வயதுக்கு முன் குழந்தைகளின் போட்டிகளுக்குத் தரவரிசைப் பட்டியல் கிடையாது, 13-க்கு முன் தேசியச் சாம்பியன் போட்டி கிடையாது. டென்னிஸில் 2012 முதல் 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தையே பயன்படுத்தக் கூடாது. வேகம் குறைந்த சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகள்தான். குழந்தைக்கு ஏற்ற மாதிரி விளையாட்டைச் சுருக்குகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம் என்று இவ்வளவு சொன்ன நானே ஒன்றில் அவசரப்படச் சொல்வேன்: நீச்சல். ஒரு வயதிலிருந்து நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு முறையான நீச்சல் பயிற்சி, மூழ்கும் ஆபத்தைக் குறைக்கக்கூடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பயிற்சி எடுத்த குழந்தையையும் தண்ணீருக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தனி. அங்கே நோக்கம் பதக்கம் இல்லை, உயிர்.

ஒரே விளையாட்டைச் சின்ன வயதிலேயே பிடித்துக்கொண்டால்தான் மேலே வரமுடியும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு இது பொருந்தாது. 15, 16 வயது வரை பலதையும் ஆடவிடுங்கள், ஒன்றையே பிடித்துக்கொண்டவர்களுக்கு அளவுக்கு மீறிய பயன்பாட்டால் வரும் காயமும் சலிப்பும் கூடுதல் என்றுதான் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் போல இளவயதிலேயே உச்சம் தொடும் விளையாட்டுகள் விதிவிலக்காக இருக்கலாம், அங்கே விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் நாலரை வயதில் இந்த விவாதத்துக்கே இடமில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பெருமைப்பட்டது தப்பே இல்லை. பிள்ளைத்தமிழில் குழந்தை செங்கீரை ஆடியதையும் சப்பாணி கொட்டியதையும் தளர்நடை நடந்து வந்ததையும் பருவம் பருவமாகப் பாடி வைத்திருக்கிறார்களே. ஒரு வித்தியாசம் மட்டும் கவனியுங்கள், அடுத்த வீட்டுப் பிள்ளை எந்த மாதம் சப்பாணி கொட்டியது என்று எந்தப் பாட்டிலும் நான் படித்ததில்லை. 'வா வா' என்று கைநீட்டிக் கூப்பிடுவதோடு சரி.

நான் கைநீட்டிக் கூப்பிட்ட கதையையும் கேளுங்கள். என் மகனுக்கு அப்போது ஐந்து வயது, பள்ளியில் முதல் ஓட்டப்பந்தயம். விசில் ஊதியதும் எல்லாருக்கும் முன்னால் வந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு தொண்டை கிழிய அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பாதி தூரத்தில் சடக்கென்று நின்றான். சுற்றிப் பார்த்தான். என்னைக் கண்டுபிடித்ததும் பாதையை விட்டு விலகி நேராக என்னிடம் ஓடிவந்து, "என்னம்மா?" என்றான். பெயரைச் சொல்லிக் கத்தினால் அம்மா கூப்பிடுகிறாள் என்றுதானே அர்த்தம், ஐந்து வருடமாக நானே சொல்லிக்கொடுத்தது! பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "போடா, ஓடு" என்று திருப்பித் தள்ளினேன். அவன் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. குழந்தைகளின் உடலியக்கத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான். தன் பிள்ளை என்று வந்துவிட்டால் படித்ததெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஆகவே உங்களுக்கு அறிவுரை சொல்கிற உயரத்தில் நின்று இதை எழுதவில்லை.

பாராட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1998-ல் உளவியல் ஆய்வாளர்கள் மியூல்லரும் கரோல் டுவெக்கும் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகளில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்த கடினமான புதிரில் தடுமாறியதும் துவண்டார்கள், 'நன்றாக முயன்றாய்' என்று கேட்டவர்கள் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு வித்தியாசத்தைக் காட்டவில்லை, அதுவும் நாலரை வயதுக்கும் விளையாட்டுக்கும் அப்படியே பொருந்துமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் ஒன்றை நீங்கள் உடனே நிறுத்தலாம்: அவள் காதுபட "பதினோரு மாசத்துலயே நடந்தவ, இப்ப பாருங்க" என்று பேசுவது. பேசுகிறீர்களா என்று எனக்குத் தெரியாது. பேசாத அப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை.

வகுப்பை என்ன செய்வது? இந்தப் பருவம் முடியும்வரை போகட்டும், நடுவில் நிறுத்தினாலும் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. ஆறு மாதம் கழித்துத் திரும்பச் சேர்த்தால் வேறு குழந்தையைப் பார்ப்பீர்கள். இடையில் வீட்டில் ஓட்டம், ஏறுதல், எறிதல், குதித்தல் எல்லாம் தாராளமாக நடக்கட்டும். ஒன்று முதல் நான்கு வயது வரையிலானவர்களுக்கு நாளுக்கு 180 நிமிடமாவது ஏதாவது அசைவு, அதில் மூன்று நான்கு வயதினருக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இதற்குப் பயிற்சியாளர் வேண்டாம், சீருடை வேண்டாம். மைதானத்திலிருந்து திரும்பும்போது "எத்தனை கோல்?" என்று கேட்காமல், அந்தப் புல்லில் என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். எறும்பா, பூச்சியா, ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

ஷின் கார்டு விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் எனக்கு அதுதான் முக்கியமான வரி. மைதானம் பிடிக்காத குழந்தை வீட்டுக்கு வந்ததும் அதை அவிழ்த்து மூலையில் வீசும். உங்கள் மகள் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். தன்னை ஒரு ஆட்டக்காரியாக ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் ஊகிக்கிறேன். வெறும் ஊகம்தான், அந்தப் பட்டையைப் பர்ரென்று பிரித்து ஒட்டும் சத்தம் பிடித்துப்போனதாகக்கூட இருக்கலாம். தூங்கியதும் மெல்லக் கழற்றிவிடுங்கள், வியர்வை தங்கினால் காலில் தடிப்பு வரும். காலையில் எழுந்ததும் தேடுவாள், கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.